மிஸ்டர் ஹெப்பிள் ஜன்னல் வழியாக வந்தார்

ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த லெனார்ட் டிப்பெட், கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு சபதம் செய்தார். இது எத்தனையாவது சபதம் என்று எண்ணுவதை அவர் மனைவி மேவிஸ் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது.

"அந்த சினிமாக்காரங்களுக்கு இந்த ஊர்ல எவனாவது ஒரு வாய் டீ கொடுத்தாக்கூட, அவன் சங்கத்துல இருக்கக் கூடாது. தீர்மானம் போடப்போறேன்."

சங்கம் என்றால் ஹெப்பிள் வாசகர் சங்கம். நூறு வருஷத்துக்கு முந்தைய கதைகளில் வரும் துப்பறியும் நிபுணர் மிஸ்டர் ஹெப்பிள், யார்க்‌ஷயரிலுள்ள இந்தக் கார்பெக் ஊர்க்காரராக்கும். தீராத மூட்டுவலிக்காரர். நாற்காலியை விட்டு எழுந்ததாகச் சரித்திரமே கிடையாது. வருகிறவர்களிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதரைச் சட்டையில்லாமல் சர்ச் கோபுரத்திலிருந்து குதிக்கவிட்டு, கீழே வந்ததும் நாலு பேர் பல்லை உடைக்கவிட்டு ஒரு படம் எடுக்கிறார்கள். அதுவும் எங்கே? டிப்பெட் தம்பதி குடியிருக்கும் அதே கல் பாவிய தெருவில். லெனார்டுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எரிச்சலுக்குள் கொஞ்சம் கணக்கும் இருந்தது. சங்கத் தலைவர் ஆர்மிடேஜ் ஓய்வு பெறுகிறார். புதன்கிழமை சாயங்காலம் தேர்தல். போட்டியில் இரண்டே பேர்: லெனார்ட், அப்புறம் மேட்டுத்தெருவில் ஒண்டிக்கட்டையாக இருக்கும் கத்பர்ட் ராம்ஸ்டன். ஜெயிப்பவருக்கு ஹெப்பிள் நாற்காலி. கதாசிரியர் உட்கார்ந்து எழுதிய அசல் நாற்காலி அது. தலைவர் பதவியில் இருக்கும்வரை அவர் வீட்டு முன்னறையில்தான் இருக்கும். வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. அந்த நாற்காலியில் சாய்ந்து கால் நீட்டுவதாக லெனார்ட் பல வருஷமாகக் கனவு கண்டு வருகிறார்.

மேவிஸும் கனவு கண்டாள். ஆனால் அது கெட்ட கனவு. நாற்காலிக்குள் அடைத்திருப்பது குதிரைமயிர். மழை பெய்தால் நனைந்த நாய் வாடை அடிக்கும். பூச்சிகள் வேறு பேரன் பேத்தி எடுத்து உள்ளே வாழ்கின்றன. ஒரு சோபா வாங்கிப் போட இடமில்லாமல் இத்தனை வருஷம் ஓட்டினேன் என்று ஆர்மிடேஜின் மனைவி மூக்கைச் சிந்தியிருக்கிறாள். "அது இந்த வீட்டுக்குள்ள வராது, லெனார்ட்" என்று மேவிஸ் ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. சம்மதித்துவிட்டாள் என்று லெனார்ட் நினைத்துக்கொண்டார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் நினைக்கக் கூடிய நினைப்பா அது?

தீர்மானத்தைக் கேட்டு மேவிஸ் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.

"உறுப்பினர் மட்டும்தானா? அவங்க வீட்டுல வேற யாராவது உதவி பண்ணா?"

லெனார்ட் அசந்துபோனார். "அட, ஆமா! வீட்டுல யார் பண்ணாலும் சரி, உறுப்பினரோட பேரை அடிச்சிரணும். உனக்கும் மூளை வேலை செய்யுது, மேவிஸ்."

"உன்கூட இருந்து இருந்து ஒட்டிக்கிச்சு" என்றாள் மேவிஸ்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கத்பர்ட் கைதட்டியதுதான் லெனார்டுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. உள்ளே கள்ளம் இல்லாதவன் எதற்கு அவ்வளவு சத்தமாகக் கைதட்ட வேண்டும்? மறுநாள் காலையில் மேவிஸ் பேச்சுவாக்கில் ஒரு சேதி போட்டாள். கறிக்கடையிலிருந்து யாருக்கோ கூடை கூடையாக சாஸேஜ் போகிறதாம். வாங்குவது யார் என்று கடைக்காரர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாராம்.

லெனார்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். மிஸ்டர் ஹெப்பிளின் வழியே இதுதானே, காலைச் சாப்பாட்டைப் பிடித்தால் ஆள் மாட்டிவிடுவான். "அவ்வளவு சாஸேஜ் யார் திங்கறது? சினிமாக்காரங்க திங்கறாங்க. யார் போடறா? கத்பர்ட் போடறான்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மேவிஸ் குடையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

கத்பர்ட் வீட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. அதன் ஜன்னலோரம் லெனார்ட் காவல் உட்கார்ந்தார். திங்கட்கிழமை கத்பர்ட் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினார், பூனைக்குப் பால் வைத்தார், தூங்கினார். செவ்வாய்க்கிழமை முதலில் பூனைக்குப் பால் வைத்தார், பிறகு பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினார். வரிசையை மாற்றியது ஒரு சைகை என்று லெனார்ட் முடிவுகட்டினார்.

சாயங்காலம் வீடு திரும்பினால் கூடமெல்லாம் சாஸேஜ் வாசனை. "பார்த்தியா, கத்பர்ட் வீட்டு வாடை என் கோட்டுல ஏறிக்கிட்டு வந்திருக்கு" என்று கோட்டை மோந்து காட்டினார். மேவிஸ் கோட்டை வாங்கிக் கொல்லைப்பக்கம் காற்றாடத் தொங்கவிட்டாள். முன்னறையில் நாள்தோறும் அவர் கண்ணில் பட்ட மஞ்சள் பூச் சுவர்க்காகிதம் போய், கரும்பச்சைக் கோடு போட்ட காகிதம் ஏறியிருந்தது. மூலையில் ஒரு பழங்காலக் கடிகாரம் வேறு நின்றது. அவர் அதன் மேல் தொப்பியை மாட்டிவிட்டு, கத்பர்ட்டின் பூனையைப் பற்றிச் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசினார்.

மேவிஸுக்கே மனசு பொறுக்கவில்லை. "லெனார்ட், நம்ம சுவத்துல இருக்கறது பூவா, கோடா?"

"இப்ப சுவரா முக்கியம்?" என்று அவர் அலுத்துக்கொண்டார்.

புதன்கிழமை வந்தது. கார்பெக்கில் புதன்கிழமை மத்தியானம் கடை அடைத்துவிடுவார்கள். அந்தப் பழைய வழக்கத்தை ஊர் இன்னும் விடவில்லை. சூரியனே வராவிட்டாலும் புதன்கிழமை கதவு சாத்தப்படும். வேவு பார்க்கிற மும்முரத்தில் லெனார்ட் கிழமையையே மறந்துபோயிருந்தார். டீக்கடைக்காரம்மா நாற்காலிகளைக் கவிழ்த்து மேஜை மேல் போட்டு, கடைசியில் அவருடைய நாற்காலியையும் பிடித்து இழுத்தாள். வேறு வழியில்லாமல் அவர் வீட்டைப் பார்த்து நடந்தார்.

தெருவின் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. என் தெருவில் எனக்கென்ன கயிறு என்று குனிந்து உள்ளே நுழைந்தார். வாசல்படியை அடைந்ததும் உள்ளே மரச்சாமான் உருளும் சத்தம். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவருடைய முன்னறை ஜன்னல் சுக்குநூறானது. வெற்று மார்போடு மிஸ்டர் ஹெப்பிள் பறந்து வந்து லெனார்டையும் அள்ளிக்கொண்டு கீழே போட்டிருந்த மெத்தையில் விழுந்தார். உடைந்த ஜன்னலில் பழங்காலக் குல்லாயும் ஏப்ரனுமாக, கையில் சப்பாத்திக்கட்டை மாதிரி ஓர் உருளையை ஓங்கியபடி ஒரு வீட்டுக்காரம்மா தோன்றினாள்.

"வாடகையை வச்சிட்டுப் போய்யா!" என்று அவள் வசனம் பேசினாள். மேவிஸின் குரல்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரே குடைக்குக் கீழே ஆர்மிடேஜும் அவர் மனைவியும் நின்றார்கள். ஆர்மிடேஜ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மெத்தையில் கிடந்த வேட்பாளரை இன்னொரு தடவை நன்றாகப் பார்த்தார்.

சாயங்காலக் கூட்டத்தில் லெனார்டின் தீர்மானத்தை ஆர்மிடேஜ் வாசித்தார், வீட்டார் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். லெனார்டின் பேரை அடித்துவிட்டார்கள். அடுத்து, கத்பர்ட் மேல் ஏதும் குற்றம் இல்லை என்று உறுதி சொல்ல யாராவது உண்டா என்று கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை. அந்த மனிதரின் பூந்தொட்டி, பூனை, தூக்கம் எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரே சாட்சிதான். லெனார்ட் யோக்கியர். எழுந்து உள்ளதைச் சொன்னார். நாலு பேராக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேட்டுத்தெரு பக்கம் போவதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு வீடு வந்தார்.

மேவிஸ் சாஸேஜ் வதக்கித் தட்டில் வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஒன்று கூடுதலாகவே வைத்தாள். பாதி தின்ற பிறகு லெனார்டுக்குத் தெம்பு வந்தது. தோற்றவனுக்கும் ஒரு சின்ன வெற்றி வேண்டாமா?

"எல்லாம் கெட்டிக்காரத்தனமாத்தான் பண்ணியிருக்க, மேவிஸ். ஆனா ஒரே ஒரு இடத்துல கோட்டை விட்டுட்ட. புதன்கிழமை டீக்கடை சீக்கிரம் அடைச்சிருவாங்க, நான் வந்து நிப்பேன்னு நீ யோசிக்கலை."

மேவிஸ் கடுகுச் சாஸ் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அந்த ஜன்னல் காட்சியைக் காலையிலயே எடுத்து முடிக்கணும்னுதான் அவங்க நின்னாங்க, கண்ணு. நீ வர்ற வரைக்கும் நான்தான் சாஸேஜ் போட்டு நிறுத்தி வச்சிருந்தேன்."