பட்டாபிக்கு மட்டும் ஓடாத கம்ப்யூட்டர்

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆறிப்போன காபியையும் இரண்டு பிஸ்கட்டையும் முன்னால் வைத்துக்கொண்டு பட்டாபி ஒரு சபதம் எடுத்தார். இந்த வீட்டில் மறுபடியும் சாயங்கால டிபன் நடக்க வேண்டும். நடந்தே தீர வேண்டும்.

டிபன் நின்றுபோனதற்குக் காரணம் ஒரு தமிழ் வகுப்பு. அவர் மனைவி ராஜஸ்ரீ அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். கிழக்கேகோட்டைத் தெருக்களில் இருக்கிற தமிழ்க் குழந்தைகளுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் எழுத்தைப் பார்த்தால் மட்டும் திருதிருவென்று முழிப்பார்கள். அவர்களுக்காக அவள் தினமும் பள்ளி விட்டு வந்ததும் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இணையம் வழியாக வகுப்பு எடுக்க ஆரம்பித்தாள். பட்டாபி ஆபீசிலிருந்து வரும்போது வகுப்பு முடிந்திருக்கும். டிபன் ஆரம்பித்திருக்காது. பசங்களுக்கு உயிர்மெய், பட்டாபிக்கு வெறும் உயிர்.

நேருக்கு நேர் கேட்டிருக்கலாம். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து நேருக்கு நேர் கேட்டு அவர் ஜெயித்த சரித்திரம் கிடையாது. ஆகவே, தனக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில் அடிப்பது என்று தீர்மானித்தார்.

பட்டாபி லினக்ஸ்காரர். அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டதே அவர்தான். தெருவில் யாரைப் பார்த்தாலும் அதைச் சொல்லுவார். அவருடைய லினக்ஸ் ஞானம் இன்னதென்றால், இணையத்தில் எவனோ எழுதி வைத்த கட்டளையை நகலெடுத்து ஒட்டுவார். ஓடினால் "நான் பண்ணினேன்" என்பார். ஓடாவிட்டால் "பெட்டி சரியில்லை" என்பார்.

அன்றைக்கு இணையத்தில் ஒருவன் அழுது எழுதியிருந்ததைப் படித்தார். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது கெர்னல் என்கிற பெரியவர் கையில் ஒரு சின்ன மூட்டையோடு வருவாராம். டிஸ்கோடு பேசத் தெரிந்த டிரைவர் அந்த மூட்டைக்குள்தான் இருக்குமாம். மூட்டை கட்டும்போது அது விட்டுப்போனால் தீர்ந்தது. டிஸ்க் மூக்குக்கு முன்னால் இருந்தாலும் கெர்னலுக்குத் தெரியாது. அப்படியே நின்றுவிடும்.

எழுதியவனுக்கு அது துக்கம். பட்டாபிக்கு அது வரம். எதுவும் உடையாது, ஒரு ஃபைலும் அழியாது, தடயம் இருக்காது. வேண்டும்போது டிரைவரைத் திருப்பிப் போட்டுவிடலாம். டிஸ்க் இல்லாமலே கம்ப்யூட்டரை எழுப்புகிற, லினக்ஸ் ஏற்றிய நீல பென் டிரைவ் ஒன்று மேஜை டிராயரில் இருக்கவே இருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் ராஜஸ்ரீ பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த சமயம், டிரைவரை எடுத்துவிட்டு மூட்டையைத் திருப்பிக் கட்டினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். கறுப்புத் திரை. ரூட் என்கிற வேர் இருக்கும் டிஸ்குக்காகக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போனேன், அப்படி ஒரு டிஸ்கே இங்கே இல்லை என்று இங்கிலீஷில் புலம்பிவிட்டு, ஓரத்தில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. பட்டாபிக்கு அதைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ராஜஸ்ரீ வந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"ராஜஸ்ரீ, ஒரு கெட்ட சமாசாரம். கம்ப்யூட்டர் பூட் ஆகலை."

"பூட்டு ஆகலேன்னா கதவைச் சும்மா சாத்தி வையுங்கோ. மதி, அது போதும்."

"பூட்டு இல்லைடி. பூட்! பூட்!"

"ஓ, செருப்பாக்கும்."

"ஐயோ! ரூட் கிடைக்கலைன்னு நிக்கறது!"

"கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுல போய்க் கேட்டா சொல்லிட்டுப் போறா."

பட்டாபி பொறுமையாக மூச்சு விட்டார். பாவம், கணக்கு டீச்சருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

"இதோ பார். கெர்னலுக்குத் தமிழ்தான் தெரியும், டிஸ்குக்கு மலையாளம்தான் தெரியும்னு வெச்சுக்கோ. நடுவுல மொழிபெயர்க்க ஒருத்தன் வேணும். அவனைக் காணோம்."

"நம்ம ஊர்ல அதுக்கா ஆள் பஞ்சம்? எங்கே போனானாம்?"

"தானா மறைஞ்சுட்டான்."

"தானாவா?"

"தானாத்தான்."

"செரியாக எத்தனை நாளாகும்?"

"ஒரு வாரமாவது ஆகும். ரொம்ப நுட்பமான வேலை, கேட்டியா?"

ராஜஸ்ரீ அவரை மேலும் கீழும் பார்த்தாள். "செரி. என்ன பண்றது?" என்று சமையலறைக்குள் போனாள். சற்று நேரத்தில் அடை வந்தது. முறுகலாக, வெல்லமும் வெண்ணெயும் தொட்டுக்கொள்ள. பட்டாபி ஐந்தாவது அடைக்குக் கை நீட்டும்போது, விஞ்ஞானம் இல்லாத வீடு எவ்வளவு லட்சணமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆபீசிலிருந்து பறந்து வந்தார். மேஜையில் இரண்டு பிஸ்கட்.

"டிபன்?"

"கோவிலுக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தேன். கம்ப்யூட்டர்தான் இல்லையே. சாவகாசமா பிரதட்சணம் பண்ணினேன்."

இந்தக் கோணத்தைப் பட்டாபி யோசிக்கவில்லை. பிஸ்கட்டோடு வாசலுக்கு வந்தார். அடுத்த வீட்டுக் கௌசல்யா கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். அவள் பிள்ளை நவநீத், ராஜஸ்ரீயின் வகுப்பில் படிக்கிறவன்.

"மாமா, எங்காத்து வானரம் இன்னிக்குக் கிளாஸ் முடிஞ்சதுலேர்ந்து ஒரே தொந்தரவு. மலையாளத்துல நாலு 'க' இருக்கே, தமிழ்ல ஒண்ணுதானே இருக்கு, மீதி மூணை யார் எடுத்துண்டு போனான்னு கேக்கறான்."

"இன்னிக்கா? இன்னிக்கு ஏது கிளாஸ்?"

"பின்னே? எப்பவும் போல ராஜஸ்ரீ மாமி எடுத்தாளே!"

பட்டாபி உள்ளே ஓடிக் கம்ப்யூட்டரைப் போட்டார். கறுப்புத் திரை. டிஸ்கைக் காணோம். கண் சிமிட்டும் கோடு.

"ராஜஸ்ரீ! இன்னிக்குக் கிளாஸ் எடுத்தியா?"

"எதுல எடுக்கறது? உங்க கெர்னலும் டிஸ்கும்தான் பேசிக்கலையே."

"ஃபோன்லயா?"

"என் ஃபோன்ல பேசினாலே காது கேக்காது. இதுல கிளாஸ் வேறயா?"

அது உண்மைதான். அப்படியானால் கௌசல்யா பார்த்தது என்ன? பட்டாபிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபீசில் தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பி, பூனை மாதிரி வீட்டுக்குள் நுழைந்தார். ராஜஸ்ரீ அணைந்துபோன திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பண்றே?"

"தியானம்."

பட்டாபி கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் கை வைத்தார். கையை வெடுக்கென்று எடுத்தார்.

"பெட்டி சுடறது!"

"மீன மாச வெயில். எல்லாந்தான் சுடறது. உங்க தலையையும் தொட்டுப் பாருங்கோ."

தொட்டுப் பார்த்தார். சுட்டது. பக்கத்தில் பிரிண்டர் தட்டில் க, கா, கி, கீ என்று பெரிய எழுத்தில் ஒரு தாள் கிடந்தது. அதைக் கையில் எடுத்தார். ராஜஸ்ரீ அவர் கையிலிருந்து அதை வாங்கி மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

புதன்கிழமைக்குள் பட்டாபி கலங்கிவிட்டார். டிரைவரை எடுத்தது அவர். டிரைவர் இல்லை என்பது அவர் கண்ணால் பார்க்கிற உண்மை. இருந்தும் பெட்டி ஓடுகிறது. ஆனால் அவருக்கு மட்டும் ஓட மறுக்கிறது. இடது கையால் போட்டுப் பார்த்தார். கிழக்கே பார்த்துப் போட்டுப் பார்த்தார். போட்டுவிட்டுப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, சட்டென்று திரும்பிப் பார்த்தார். ராஜஸ்ரீயின் நாற்காலியில் அவளைப் போலவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எல்லாரும் வந்தாச்சா?" என்று அவள் குரலில் கேட்டுக்கூடப் பார்த்தார். கோடு கண் சிமிட்டியது.

அந்த நேரத்தில்தான் விஜின் ஃபோன் பண்ணினான். ஊரில் லினக்ஸ் ஆர்வலர்கள் கூட்டம் நடத்துகிற பையன்.

"சாரே, ஞாயிற்றுக்கிழமை ஓர்மை இருக்கல்லோ? 'லினக்ஸும் நானும்', உங்க பேச்சாக்கும் முதல்ல. ஸ்லைடு ரெடியா?"

பட்டாபி கறுப்புத் திரையைப் பார்த்தார். ஒரு மாசமாகச் செதுக்கிய ஸ்லைடுகள். அத்தனையும் அந்த டிஸ்கில்தான் இருந்தன.

"ரெடியா இருக்கு," என்று சொல்லிவிட்டு டிராயருக்குப் பாய்ந்தார். நீல பென் டிரைவ் இல்லை.

"ராஜஸ்ரீ! இங்கே நீலமா ஒரு பென் டிரைவ் இருந்ததே?"

"அதுவா? பரீட்சைப் பேப்பர் கொண்டுபோக எடுத்துண்டேன். உள்ளே என்னவோ ரொம்பி வழிஞ்சது. எல்லாத்தையும் துடைச்சுட்டேன்."

"துடைச்சுட்டியா!"

"ஏன், முக்கியமானதா? உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே."

இன்னொன்று தயார் பண்ணலாம் என்றால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருகவே முடியாது, அடைத்து வைத்திருந்தார்கள். கடைக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா? தெருவே பார்க்கும். லினக்ஸ்காரர் பட்டாபி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறார்! உயிரே போனாலும் முடியாது. ராஜஸ்ரீயிடம் கேட்கலாம். கேட்டால், தானாக மறைந்த டிரைவரின் கதை வெளியே வரும். கேட்காவிட்டால் தலை வெடிக்கும். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பெட்டியின் மேல் விபூதி இட்டுப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை, காபி டம்ளருக்குப் பக்கத்தில் நீல பென் டிரைவ் இருந்தது.

"இதுதானே உங்க பிரசங்கம்? மூணு இடத்துல எழுத்துப்பிழை. திருத்திட்டேன்," என்றாள் ராஜஸ்ரீ.

"இது… எப்படி… எங்கேர்ந்து…"

"எப்படின்னு கேக்கணுமா, நாளைக்குப் பேசணுமா?"

பட்டாபி பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சர்க்கரை இல்லாத காபியை மடமடவென்று குடித்து முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கள் பழைய காரில் இரண்டு பேரும் வஞ்சியூரில் ஒரு சின்ன ஹாலுக்குப் போனார்கள். "நானும் வரேன். உங்க பேச்சைக் கேட்டு நாளாச்சு," என்று ராஜஸ்ரீ சொன்னபோது அவரால் மறுக்க முடியவில்லை. அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பட்டாபி மேடையேறி வெளுத்துக் கட்டினார். தன் வீட்டில் லினக்ஸ் தன் சொல்லைத் தாண்டாது என்றார். கைதட்டினார்கள். அவருக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

முன்வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள். "சார், நேற்று அப்டேட் பண்ணினேன். அதிலிருந்து என் கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை. டிஸ்கே இல்லை என்று கறுப்புத் திரையில் நிற்கிறது. என்ன செய்வது?"

பட்டாபி தண்ணீர் குடித்தார். ஒரு வாரமாக அவர் கண்ணை மூடினால் தெரிகிற அதே திரை.

"அது… பெட்டி சரியில்லை."

"புதுப் பெட்டி சார்."

"அப்படின்னா… கொஞ்ச நாள் விட்டுப் பிடிக்கணும். சில கம்ப்யூட்டர் ஆளைப் பார்த்து ஓடும். வேற யாரையாவது போடச் சொல்லிப் பாருங்கோ."

ஹாலில் சிரிப்பு எழுந்தது. பட்டாபி மட்டும் சிரிக்கவில்லை. அவர் மனமாரச் சொன்ன வார்த்தை அது.

கடைசி வரிசையில் ராஜஸ்ரீ எழுந்து நின்றாள்.

"குட்டி, டிஸ்க் எங்கேயும் போகலை. புதுக் கெர்னலோட மூட்டையில டிரைவர் விட்டுப்போயிருக்கு, அவ்வளவுதான். போட்ட உடனே எஸ்கேப் கீயை அமுக்கு. ஒளிஞ்சிண்டிருக்கிற மெனு வரும். அதுல பழைய கெர்னல் ஒண்ணு இருக்கும், அதைத் தேர்ந்தெடு. அதோட மூட்டை பழசு, அதுல டிரைவர் பத்திரமா இருக்கும். ஜம்முனு எழுந்துக்கும். உள்ளே போய்ப் புது மூட்டையைத் திருப்பிக் கட்டிடு."

பட்டாபிக்கு மேடை ஒரு சுற்றுச் சுற்றியது. எஸ்கேப்! தினமும் எஸ்கேப்பை அமுக்கியே அவரிடமிருந்து எஸ்கேப் ஆகியிருக்கிறாள்!

"இன்னொண்ணு," என்றாள் ராஜஸ்ரீ, மேடைப் பக்கம் பார்க்காமல். "அப்டேட்ல விட்டுப்போறது உண்டு. சில வீட்டுல யாரோ வேணும்னே எடுத்து விடறதும் உண்டு. ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான். ரெண்டாவதுக்கு மட்டும், ஒரு வாரம் சொல்லாம இருக்கணும்."

எல்லாரும் கைதட்டினார்கள். விஜின் துள்ளி எழுந்தான். "ராஜஸ்ரீ டீச்சரே! நீங்களா? சாரே, நான் படிச்ச ஸ்கூல்ல கம்ப்யூட்டர் லேப் முழுக்க டீச்சராக்கும் பார்த்துண்டா. ஒரு பெட்டி ஓடலேன்னா டீச்சர்தான் பிரிச்சு மேய்வா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. லீவு விட்டால் டிரெயினிங் டிரெயினிங் என்று அவள் போவாள். என்ன டிரெயினிங் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

கூட்டம் டீச்சரை மொய்த்துக்கொண்டது. ஒருவன் லாப்டாப்பைத் திறந்து நீட்டினான். அடுத்த மாதக் கூட்டம் முழுக்க டீச்சர் பேச்சுதான் என்று விஜின் அறிவித்தான். இடுக்கில் நுழைந்து பட்டாபி அவள் காதருகே குனிந்தார்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"அன்னிக்கே. தானா மறைஞ்சான்னு சொன்னேளே, அப்பவே."

"ஏன் சொல்லலை?"

"நீங்களா சொல்லுவேள்னு பார்த்தேன். விபூதி வரைக்கும் போவேள்னு நினைக்கலை. போய் வெளியே நில்லுங்கோ, இந்தப் பசங்களுக்குப் பதில் சொல்லிட்டு வரேன்."

பட்டாபி வெளியே வந்து காரில் சாய்ந்து நின்றார். வெயில் ஏறியது. உள்ளே இருந்து மறுபடியும் கைதட்டல் கேட்டது. ஹால் காவலாளி பகவதிப்பெருமாள் கேட்டிலிருந்து மெதுவாக நடந்து வந்தார்.

"டீச்சர் வாறதுக்கு இன்னும் நேரம் ஆவும் போல. நீங்க டிரைவர்தானே? வண்டியைக் கொஞ்சம் நெழல்ல ஒதுக்கிப் போடும்."

பட்டாபி வண்டியை நிழலில் ஒதுக்கிப் போட்டார்.