சட்டைவால் காத்த படலம்

வட விஸ்கான்சினின் வெண்பனிக் கானகங்களை நடுங்க வைக்கப் பிறந்தவரும், பாலாடைக்கட்டி ஆலையின் காலைப்பணி மேற்பார்வையாளரும், சென்ற நான்கு நவம்பர்களிலும் நான்கு மான்களுக்கு உயிர்ப்பிச்சை ஈந்த வள்ளலுமாகிய ஆர்வின் ஹால்வர்சன் வாழ்க! அவர் முதுகைக் காக்கும் ஆடையும் வாழ்க!

வேட்டைக் குடிலின் சட்டம் கொடியது. மானைக் குறிதவறிச் சுட்டவன் சட்டையின் பின்வாலைக் கத்தரித்து ஜன்னலின் மேல் ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். அங்கே தொங்கிய நான்கு கட்டம்போட்ட துண்டுகளும் ஆர்வினுடையவை. அவற்றைப் பார்த்து அவர் மனைவியின் தம்பி டுவேன் போன ஆண்டே முழங்கியிருந்தான்: "இன்னும் ஒண்ணு குடு மச்சான், ஜன்னலுக்குத் திரை முடிஞ்சிடும்!"

அத்திரை முடியலாகாது என்று சூளுரைத்தார் ஆர்வின். வேட்டைத் திருநாளுக்கு முந்தைய மாலை, கண்ணாடிமுன் ஆடைப்படை அணிவகுத்தது. கையைத் தூக்கினாலே சருகுபோல் சலசலத்து மானுக்குத் தந்தியடிக்கும் மழைக்கோட்டு முதலில் வீழ்ந்தது. வியர்வையைக் குடித்துவிட்டுப் பின் பனிக்கட்டியாய் அணைக்கும் துரோகியாம் பருத்தி இரண்டாவதாய்ச் சாய்ந்தது. காட்டோடு காடாய் மறைப்பேன் என்று மார்தட்டிய இலைவடிவக் கோட்டு, அதன்மேல் அரசு ஆணைப்படி வேட்டைக்காரர் எல்லாரும் அணியவேண்டிய, ஒரு கல் தொலைவுக்கு எரியும் ஆரஞ்சு மேலங்கி ஏறியதும் வெட்கித் தலைகுனிந்தது. ஆயினும் விலையை நினைத்து அதை வைத்துக்கொண்டார். இறுதியில், செங்கதிரோன் எழுந்தாற்போல் எழுந்தது அந்தச் சிவப்புக் கம்பளி உள்ளாடை. கழுத்துமுதல் கணுக்கால்வரை ஒரே துணி, பின்புறம் இரண்டு பொத்தான்களில் நிற்கும் சிறு மடிப்புக்கதவு, வால் இல்லை! வெட்டுவதற்கு ஏதுமில்லை! வேறு சட்டையையே மூட்டையில் வைக்க மறுத்தார் மாவீரர்.

"அவசரமா வந்தா எப்படிக் கழட்டுவே, ஆர்வின்?" என்றாள் மனைவி லொரெய்ன்.

"வேட்டைக்காரனுக்கு அவசரம் வராது."

"டுவேன் பீன்ஸ் வேகவைப்பான். வயித்தைக் கலக்கும், ஞாபகம் இருக்கட்டும்."

விதியின் குரலை வீரர்கள் எப்போது கேட்டிருக்கிறார்கள்?

மறுநாள் விடியலில், பிர்ச் மரத்தடியில், காற்றும் மூச்சடக்கி நிற்க, அவரும் மூச்சடக்கி நின்றார். குளிர் அவரைத் தீண்டவில்லை. ஆடை முணுமுணுக்கவில்லை. அனைத்தும் வென்றன, இரவு குடிலில் உண்ட பீன்ஸால் குடல் மட்டும் கிளர்ச்சிக்கொடி உயர்த்தியது. துப்பாக்கியை ஒரு மரத்தில் சாய்த்து, மேலங்கி, கோட்டு, தோள்பட்டிக் கால்சட்டை எனக் கோட்டைமதில்களை ஒவ்வொன்றாய் இடித்து, விறைத்த விரல்களால் பின்கதவைத் திறந்து, அடுத்த மரத்தடியில் அவர் அமர்ந்த அக்கணமே, எட்டுக் கிளைக்கொம்பு சூடிய கலைமான் எதிரே வந்து நின்றது. நின்று பார்த்தது. கணுக்காலில் கால்சட்டை தளையிட, கப்பலுடைந்தோன் கரைசேர்வதுபோல் தத்தித்தத்தித் துப்பாக்கியை எட்டிச் சுட்டார் ஆர்வின். பிர்ச் மரம் ஒரு கிளையை இழந்தது. மான் நடந்தே போயிற்று.

வெடியோசை கேட்டு வந்த டுவேன் பனியிலிருந்த தடங்களை நிதானமாய்ப் படித்தான். "துப்பாக்கி அந்த மரத்துல, நீ ஏன் மச்சான் இந்த மரத்துல?"

நண்பகலில் குடிலில் சபை கூடியது. கத்தரி உயர்ந்தது. கோட்டைத் தூக்கினர், வால் இல்லை. சபை திகைத்தது. "வாலில்லாதவனைச் சட்டம் தீண்டாது!" என்று இடியென முழங்கினார் ஆர்வின்.

"அப்படியா? கொஞ்சம் திரும்பு மச்சான்," என்றான் டுவேன். "அட, இங்க கால்சட்டைக்கு வெளியே ஒரு கதவே தொங்குது! பொத்தான்கூடப் போடல!"

கத்தரி இருமுறை கடித்தது. நான்கு கட்டத்துணிகளின் நடுவே செம்மடிப்பு ஏறியது, திரை நிறைவுற்றது, ஜன்னலோ அழகாயிற்று. வேட்டைக்காலம் முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது. வெளியே வடகாற்று எழுந்தது. அது ஆர்வினின் கோட்டைக்குள் புகும் வழியை உடனே கண்டுகொண்டது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆர்வின் டவுனுக்குப் போய் ஒரு சட்டை வாங்கி வந்தார்.