றிவேஸ் காக்காவுக்கு யார் மாமா?

லைசன்ஸ் எடுத்து ஆயுள் முழுக்க லொறி ஓட்டியும் ஒரு முழம்கூடப் பின்னுக்கு எடுக்காத சாரதி இந்த உலகத்தில் ஒரேயொருவர்தான். அவர் எங்கள் கல்முனையில் இருந்தார். இல்லை என்பவர்கள் தங்கள் ஊரிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து காட்டட்டும். வாகனத்தைப் பின்னுக்கு எடுப்பதை எங்கள் பக்கத்தில் றிவேஸ் என்போம். ஊர் அவருக்கு வைத்த பேர் றிவேஸ் காக்கா. நெடுவலான ஆளைக் கட்டையன் என்று கூப்பிடுகிற ஊரில் வேறெப்படிப் பேர் வைப்பார்கள்? காக்கா என்றால் எங்களிடத்தில் மூத்த சகோதரன். வாப்பாவும் உம்மாவும் வைத்த பேரும் அவருக்கு ஒன்று இருந்தது. அவருடைய கேஸை எழுதும்போதுதான் அதை முதன்முதலில் கேள்விப்பட்டேன்.

ஏன் பின்னுக்கு எடுப்பதில்லை என்று கேட்டால், "முன்னுக்குப் போறவனுக்குத்தான் அல்லாஹ் பறக்கத்தக் குடுப்பான். பின்னுக்குப் போறது நண்டுட வேல" என்பார். நண்டு பக்கவாட்டாக அல்லவா போகும் என்று ஒருவர் மடக்கப் பார்த்தார். "அதுக்கு லைசன்ஸ் இல்லத்தானே" என்றார் காக்கா.

"அப்ப லைசன்ஸ் சோதினையில எப்பிடிக் காக்கா பாஸ் பண்ணின?"

"சோதிக்க வந்த ஐயா முன் சீட்டுல இரிந்தார். அவருக்கு முன்னால இரிந்த றோட்டக் காட்டினன். அவரும் சந்தோசமாப் போயிட்டார்."

அவர் ஓட்டியது சோடா லொறி. கல்முனையில் சோடாப் பக்டரி வைத்திருந்த முதலாளியின் சரக்கைப் பொத்துவில் வரைக்கும் கடைகடையாக இறக்குவது வேலை. நற்பிட்டிமுனையில் ஒரு கடை இருந்தது. கதைத்துக்கொண்டே போகும்போது லொறி அந்தக் கடையை நாலடி தாண்டிவிட்டால் தீர்ந்தது. கடைக்காரர் வெற்றுப் போத்தல்களைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நிற்க, லொறி வயல்வெளியால் ஊரைச் சுற்றப் போய்விடும். காலையில் கண்ணுக்கு முன்னால் போன சோடா, நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது மறுபக்கத்தால் வந்துசேரும். குடித்தால் சுடும்.

முதலாளியின் மூத்த மகளுக்குக் கலியாணம் வந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார், போனவர் அங்கேயே இருந்தும்விடுவார். பெண்ணின் வாப்பா வீடு கட்டி முடிக்காமல் கலியாணப் பேச்சே எழாது. மாப்பிள்ளையை ஏற்றிவந்த கார் றிவேஸ் காக்காவின் கையில். றபான் அடியும் குரவைச் சத்தமுமாக ஆட்கள் வாசலில் நிற்க, கார் அவர்களையும் தாண்டிப் போனது.

"காக்கா, வீடு போயிட்டு!" என்று அலறினார் மாப்பிள்ளை.

"வீடு எங்கயும் போகல்ல மாப்பிள்ள. அது அவடத்ததான் இரிக்கி. நாமதான் போயிட்டம். வருவம்."

மாப்பிள்ளை தன் கலியாண நாளில் மூன்று ஊரையும் ஒரு குளத்தையும் பார்த்துவிட்டு வந்தார். காவின் என்கிற கலியாணப் பதிவை எழுத வந்த பள்ளி லெவ்வை கதிரையிலேயே உறங்கிப்போயிருந்தார்.

வேறு யாராவது இதைச் செய்திருந்தால் முதலாளி அன்றைக்கே வேலையால் நிறுத்தியிருப்பார். காக்காவை நிறுத்தவில்லை. ஏனென்றால் முதலாளிக்குக் காக்கா ‘மருமகன்’, காக்காவுக்கு முதலாளி ‘மாமா’. இருவருக்கும் இரத்த உறவு ஒரு துளியும் கிடையாது. எங்கள் ஊரில் வயதில் மூத்தவர் எல்லாரும் மாமாதான், இளையவன் எல்லாரும் மருமகன்தான். ஆனால் இவர்கள் இரண்டு பேரும் அந்தச் சொல்லை நெஞ்சாரச் சொன்னார்கள். பெருநாளைக்குச் சாறன், நோன்புக்குப் பேரீச்சம்பழம், வீட்டில் புரியாணி சமைத்தால் காக்காவுக்கு ஒரு சட்டி. லொறியின் கைப்பிரேக்கைத் திருத்துவது மட்டும் நடக்கவில்லை.

"மாமா, பிரேக் புடிக்குதில்ல."

"வாற கிழம பாப்பம் மருமகன்."

வாற கிழமை வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் சொறிக்கல்முனைப் பக்கத்தில் வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் லொறியை நிறுத்திவிட்டு, காக்கா பின்னால் போய்ச் சோடாப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். ஆயுளில் அவர் எடுக்காத றிவேஸை லொறி தானாகவே எடுத்தது. வலது கால் பாலத்துக் கட்டுக்கும் லொறிக்கும் நடுவில் அகப்பட்டது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனவர்களிடம், "நான் அதுக்குப் பழக்கல்ல, அதுவா எங்கயோ படிச்சிட்டு" என்று லொறியைப் பற்றித்தான் முறையிட்டார்.

நான் அப்போது கொழும்பில் பரீட்சை பாஸ் பண்ணி வந்து, பஸார் பக்கத்தில் ஒரு அறையில் பலகை மாட்டிய புது லோயர். எழுபதுகள் முடிகிற காலம். எனக்குத் தெரியாத சட்டம் இன்னும் எழுதப்படவில்லை என்கிற நினைப்பு. பலகைக்குக் கீழே வந்த முதல் கட்சிக்காரர் றிவேஸ் காக்காதான். கக்கத்தில் ஊன்றுகோல், பக்கத்தில் பெண்சாதி. நாங்கள் அவரை ராத்தா என்போம், மூத்த சகோதரி என்று அர்த்தம். கூட்டிவந்தவர் ராத்தா. இழுபட்டு வந்தவர் காக்கா.

நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து வழிகளை விளக்கினேன்.

"எதிரில வந்த வாகனம் அடிச்சிரிந்தா அதுட இன்சூரன்ஸக் கேக்கலாம். ஆனா எதிரில ஒண்டும் வரல்ல."

"பின்னுக்குத்தான் போன" என்றார் காக்கா வெட்கத்தோடு.

"சிவில் வழக்குப் போடலாம். முதலாளிட கவலையீனம் எண்டு நாம ஒப்பிக்கணும், கன காலம் எடுக்கும். மத்தது, வேலையாள் நட்டஈட்டுச் சட்டம். வேலையில நிக்கக்குள்ள வேலையால அடிபட்டா, ஆருட பிழை எண்டு பாக்கிறல்ல. முதலாளி குடுத்துத்தான் ஆகணும். ஒண்டுதான், நீங்க அவருட வேலையாள் எண்டு காட்டணும். ரெண்டு பாதையிலயும் ஏற ஏலா. நான் சொல்றது இந்தச் சட்டத்தத்தான்."

காக்கா எழும்பிவிட்டார். "மாமாக்கு மேல கேஸா? தம்பி, எனக்குக் கால்தான் போன. மானம் போகல்ல."

"மானத்தப் பானையில போட்டா சோறாகுமா?" என்றார் ராத்தா. "நாலு புள்ள இரிக்கி. இனி இவர் லொறி ஓட்டுறல்ல."

"மாமா பாப்பார்."

"பாப்பார்தான். இண்டைக்கு மாமா இரிக்கார், பாக்கார். அவர் மௌத்தாகினா ஆருட வாசலுக்குப் போய் நிக்கிற? புரியாணிச் சட்டி வருகுதா எண்டு ஆயுளுக்கும் றோட்டப் பாத்திட்டு இரிக்கவா? எனக்குத் தருமம் வேணா. உரித்து எண்டு ஒண்டு இரிந்தா அதத் தாங்க."

ராத்தா சொன்னதைவிடச் சுருக்கமாக அந்தச் சட்டத்தை நான் இன்றுவரை யாருக்கும் விளங்கப்படுத்தியதில்லை. ஆனால் காக்கா அசையவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, யோசிக்காமலே போய்விட்டார்.

அசைத்தது முதலாளியின் மூத்த மருமகன். அந்தக் கார் மாப்பிள்ளையேதான். லோயரிடம் போன கதை ஊரில் பரவ, சமாதானம் செய்யலாம் என்று நல்ல எண்ணத்தோடு காக்காவின் வீட்டுக்குப் போயிருக்கிறார். போனவர் வேறு எந்த வார்த்தையாவது சொல்லியிருக்கலாம்.

"காக்கா, மாமா கவலப்படுறார். அந்தக் கேஸப் பின்னுக்கு எடுத்திருங்க."

"என்னத்த எடுக்க?"

"பின்னுக்கு..."

"நானா?"

மறுநாள் காலையில் நான் கந்தோரைத் திறக்கமுன் காக்கா படியில் உட்கார்ந்திருந்தார். "எங்க தம்பி கையொப்பம் வெக்கிற?" என்றார். போடாத கேஸைப் பின்னுக்கு எடுக்க முடியாது என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

நட்டஈட்டுக் கேஸ்களைக் கேட்கிற அதிகாரி கொழும்பிலிருந்து வந்து மட்டக்களப்பில் விசாரித்தார். சிங்களவர், நல்ல மனிதர். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். சொல்லைச் சொல்லாகவே மாற்றுவார், கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். முதலாளிக்கு மட்டக்களப்பில் பெரிய பேர் எடுத்த சட்டத்தரணி. அவர் ஒரேயொரு பாதையைத்தான் கண்டுபிடித்து வைத்திருந்தார். காக்கா வேலையாளே இல்லை, குடும்பத்தில் ஒருவர், உறவுக்கு உதவி செய்தவர்.

"இவர் உங்களுக்கு யார்?" என்று முதலாளியைக் கேட்டார்கள்.

"மருமகன்" என்றார் முதலாளி. கண் கலங்கித்தான் சொன்னார். பொய் சொல்கிறார் என்று எனக்கே தோன்றவில்லை. பின் வாங்கில் இருந்த அசல் மருமகன் இருமினார்.

காக்காவைக் கேட்டார்கள். "நீங்க சொல்லுங்க, இவர் யார்?"

"இது என்ட மாமா" என்றார் காக்கா, நெஞ்சை நிமிர்த்தி. நான் பஸ்ஸில் வழிநெடுக ‘முதலாளி’ என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தேன். என் முதல் கேஸ் என் கட்சிக்காரரின் வாயாலேயே செத்துக்கொண்டிருந்தது. மாதச் சம்பளத்துக்கு எழுத்தில் ஒன்றும் கிடையாது. மாமாவுக்கும் மருமகனுக்கும் நடுவில் துண்டுக் கடதாசி எதற்கு?

மொழிபெயர்ப்பாளர் அதிகாரியிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "இவர் முதலாளியின் மகளைக் கட்டிய மருமகன் என்று ஐயா பதியப் போகிறார். சரிதானே?"

என் பின்னால் இருந்த ராத்தா எழும்பினார்.

"எந்த மகள?"

உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"ஐயா, நான் ஒரு கத கேக்கன். இந்த மனிசன் என்ட வாப்பாட மருமகன். என்ட வாப்பா வீடு வளவு குடுத்தார், அதிலதான் இரிக்கம். மருமகன் எண்டா வீடு குடுக்கணும். இந்த மாமா எந்த வீட்டக் குடுத்தார்? குடுத்த எண்டா வீட்டுத் திறப்பத் தரச் சொல்லுங்க. இண்டைக்கே சாமானோட போறம். ரெண்டு மகளுக்குக் கட்டின வீட்டில அவங்கட மாப்பிள்ளையள் இரிக்காங்க. மூணாவது மகளுக்குக் கட்டின வீடு சும்மாதானே கிடக்கு?"

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் மாற்றினார். அதிகாரி பேனாவைத் தூக்கிக்கொண்டு முதலாளியைப் பார்த்தார். மூன்றாவது மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்த நேரம் அது. தன் குமர்ப்பிள்ளைக்கு ஒரு புருசனும் அவனுக்கு நாலு பிள்ளையும் அரசாங்கக் கடதாசியில் ஏறப்போகிறதைக் கண்ட முதலாளி, பெரிய லோயர் கோட்டைப் பிடித்து இழுக்க இழுக்கத் துள்ளி எழும்பினார்.

"யா அல்லாஹ்! எழுதாதீங்க ஐயா! மருமகனும் இல்ல ஒண்டும் இல்ல! இவன் என்ட ட்றைவர்! மாசச் சம்பளத்துக்கு வெச்ச கூலி ஆள்!"

மொழிபெயர்ப்பாளர் மாற்றினார். அதிகாரி எழுதினார். பெரிய லோயர் பைல் கட்டை மூடினார். கேஸ் வென்றுவிட்டது.

எனக்குத் துள்ள வேண்டும்போல் இருந்தது. காக்காவின் பக்கம் திரும்பினேன். கால் போன அன்றைக்கு அழாத மனிதர் சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தார். "கூலி ஆளாம் தம்பி" என்றார். எந்தச் சொல்லால் அவருக்கு நட்டஈடு கிடைத்ததோ, அந்தச் சொல்தான் அவருக்குப் பட்ட அடி. அதற்கு நட்டஈடு எந்தச் சட்டத்திலும் இல்லை.

விறாந்தைக்கு வெளியே முதலாளி காரடியில் தனியாக நின்றார். அவருடைய கண்ணும் சிவந்திருந்தது. காக்கா ஊன்றுகோலைத் தட்டித் தட்டி நேரே அவரிடம் போனார்.

"பஸ்ஸுல ஏற ஏலா. கார்ல வாறன்" என்றார். "ட்றைவரா ஏறட்டா, மருமகனா ஏறட்டா?"

முதலாளி அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார். "உள்ளுக்குத்தான் ட்றைவர். வெளியில எப்பவும் மருமகன்தான். ஏறுங்க."

"அப்ப வீடு?" என்றார் ராத்தா.

"யா றப்பே, இந்தப் பொம்புள விடமாட்டா" என்று முதலாளி சிரிக்க, காக்காவும் சிரித்துவிட்டார். பிரேக்கைத் திருத்தாதது தன் பிழை என்றும் முதலாளி சொன்னார். அதை உள்ளே சொல்லியிருக்கலாம் என்று நான் நினைத்தேன். உத்தரவு வந்தபோது அவர் அப்பீல் செய்யவில்லை, சுணங்காமல் கட்டினார். அந்தக் காசில் காக்கா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சோடாக் கடை போட்டார்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு நடந்தது இது. காக்கா முன் சீட்டில், ராத்தாவும் முதலாளியும் பின் சீட்டில், மூத்த மருமகன் ஓட்ட, கட்சிக்காரர் எதிர்க்கட்சிக்காரரின் காரில் போயேவிட்டார். வென்ற லோயரான நான் பைல் கட்டையும் கறுப்புக் கோட்டையும் சுமந்துகொண்டு பஸ் தரிப்பில் வெயிலில் நின்றேன். வெள்ளைக் கார் என்னைத் தாண்டிப் போனது. ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை.

கொஞ்ச தூரம் போய்க் கார் நின்றது. இனி ஊரைச் சுற்றிக்கொண்டு பின்னேரம் அஸர் தொழுகைக்குத்தான் வருவார்கள் என்று நினைத்து, நானே ஓடத் தொடங்கினேன். உள்ளே மருமகன், "காக்கா, நீங்களா சொல்றீங்க?" என்று கத்துவது கேட்டது. பிறகு கார் மெதுவாகப் பின்னுக்கு வந்தது. முன் சீட்டு ஜன்னலால் அரைவாசி உடம்பை வெளியே போட்டு, கையை ஆட்டி ஆட்டி, "வரட்டும், வரட்டும், இன்னும் வரட்டும்" என்று வழி காட்டிக்கொண்டு வந்தவர் றிவேஸ் காக்கா.

"ஏறுங்க தம்பி" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "இத ஊருல ஒருத்தருக்கும் சொல்லாதீங்க."

அவர் மௌத்தாகும்வரைக்கும் நான் யாருக்கும் சொல்லவில்லை. அவருடைய ஆயுளில் ஒரேயொரு தரம் எடுத்த றிவேஸ், அது எனக்காக எடுத்தது.