குரும்பலூர்க் குங்குமப்பூச் சோதனை

மகத்தான சோதனைகள் எல்லாம் சீமையில்தான் நடக்கும் என்று நம்புகிறவர்கள் குரும்பலூரை அறியாதவர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், உலகமே யுத்தத்தில் புகைந்துகொண்டிருந்தபோது, மனித குலத்தின் நிறத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பைக் குரும்பலூர் நல்லுசாமி தனி மனிதராக ஏற்றார். அவருடைய தோள் அதைத் தாங்கியது. பசு மாடுதான் தாங்கவில்லை.

பட்டாளத்தில் சேர்ந்து ராவல்பிண்டியில் இருந்த மகன் சாமிதுரை, லீவில் வரும் சிநேகிதன் கையில் கொஞ்சம் குங்குமப்பூ கொடுத்தனுப்பியிருப்பதாகக் கார்டு போட்டிருந்தான். 'பூ' என்றிருந்ததால் நல்லுசாமி ஒரு கோணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கரியில் ஓடும் பஸ்ஸில் அரியலூர் ஸ்டேஷனுக்குப் போனார். சிநேகிதன் நீட்டியதோ பொடி டப்பா அளவில் ஒரு தகர டப்பா. அதைக் கோணிப்பைக்குள் போட்டு, பையின் வாயைக் கயிற்றால் கட்டிக்கொண்டு திரும்பினார். பிறவிக் கறுப்போடு பஸ் புகையும் சேர்ந்து, வாசலில் நின்றவரை நாயே அடையாளம் தெரியாமல் குரைத்தது.

டப்பாவோடு ஒரு கடிதமும் இருந்தது. நல்லுசாமியின் மைத்துனர் ஆண்டவர் நாலாவது பாரம் வரை படித்தவர். அவர்தான் வாசித்தார்.

"ஜானகிக்குத் தினம் ஒரு டம்ளர் பாலில் நாலு இழை போட்டுக் கொடுக்கவும். உடம்புக்கு நல்லது என்கிறார்கள்."

ஜானகி சாமிதுரையின் மனைவி. ஆறாம் மாதம். தாயில்லாத பெண் என்பதால் பிரசவமும் மாமியார் வீட்டில்தான். மருத்துவச்சி வீராயி இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "பொண்ணு ரத்தமே இல்லாம இருக்கு, தினம் பால் குடுங்க" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாள். வீட்டில் கறவையில் இருந்தது ஒரே பசு. வேளைக்கு அரைப்படி.

ஆண்டவர் கடிதத்தை மடித்தார். "பய கூச்சப்பட்டுக்கிட்டு விஷயத்தை எழுதல மச்சான். இதைக் குடிச்சா புள்ள செவப்பாப் பொறக்கும்."

"நம்ம வூட்டுலயா?"

"நம்ம கரிசக்காட்டுல என்ன போடுறோம்?"

"பருத்தி."

"பருத்தி என்ன கலரு?"

நல்லுசாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். நாற்பது வருஷமாக வெள்ளாமை செய்தும் இது அவருக்கு உறைக்கவில்லையே!

அவர் மனைவி சிந்தாமணி பாலைக் காய்ச்சி, நாலு இழை போட்டு எடுத்து வந்தாள். வீடே கூடி நின்று பார்த்தது. பால் மெல்ல மஞ்சளானது.

"வெள்ளையாக்குற மருந்து மஞ்சளாவுல்ல இருக்கு?" என்றாள் சிந்தாமணி.

ஜானகி டம்ளருக்குக் கை நீட்டினாள். "இரு தாயி" என்று நல்லுசாமி தடுத்தார்.

இங்கேதான் அவருடைய மேதைமை வெளிப்பட்டது. போன வருஷம் விவசாய இலாகா அதிகாரி புது உரம் கொண்டுவந்தபோது ஒரு பாடம் சொல்லியிருந்தார்: எந்தப் புது உரத்தையும் முதலில் காட்டின் மோசமான மூலையில் போட்டுப் பார்க்க வேண்டும், ஒப்பிடுவதற்குப் பக்கத்திலேயே ஒரு பாத்தியை உரமில்லாமல் விட வேண்டும். அன்றிலிருந்து நல்லுசாமி மூலையில் போட்டுப் பார்க்காமல் எதையும் செய்ததில்லை.

"இந்த வூட்டுலயே மோசமான கறுப்பு யாரு?" என்று கேட்டார்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

ஆகவே 'சோதனை மூலை'யாக நல்லுசாமி ஏகமனதாகத் தேர்வானார். குங்குமப்பூ போடாத வெறும் பாலைக் குடிக்கும் 'ஒப்பீட்டுப் பாத்தி' என்ற தியாகத்துக்கு ஆண்டவர் தாமாகவே முன்வந்தார். முதல் மிடறு விழுங்கியதும் நல்லுசாமியின் முகம் கோணியது. மழையில் நனைந்த வைக்கோலில் துருப்பிடித்த சாவியை ஊறவைத்த மாதிரி ஒரு ருசி. ஆனாலும் ராவல்பிண்டியிலிருந்து வந்ததைப் பழிக்கலாமா? "அமிர்தம்!" என்றார்.

காலைக் கறவையும் மாலைக் கறவையும் இரண்டு டம்ளர்களில் தீர்ந்தன. நல்லுசாமி தினமும் விடிந்ததும் முழங்கையை வெள்ளைக் காளைக் கன்றின் முதுகோடு ஒட்டிவைத்து நிறம் பார்ப்பார். ஆண்டவர் நோட்டில் எழுதுவார். முதல் வாரம்: மாற்றம் இல்லை. மூன்றாம் வாரம்: உள்ளங்கையில் தெளிவான வெளுப்பு. உள்ளங்கை கல்யாணத்தன்றே அப்படித்தான் இருந்தது என்று சிந்தாமணி ஆட்சேபித்தாள். ஆட்சேபம் ஏற்கப்படவில்லை.

எட்டாம் மாதம் ஜானகி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமா, தலை சுத்துதுங்க. எனக்குச் செவப்பு வேணாம். வெறும் பால் மட்டும் குடுங்க போதும்."

நல்லுசாமிக்கு நெஞ்சு இளகிவிட்டது. டம்ளரை நீட்டக்கூடப் போனார்.

"பாதியில நிறுத்துனா சோதனை பாழாயிடும் மச்சான்" என்றார் ஆண்டவர், மீசையில் ஒட்டிய பாலேட்டை வழித்தபடி.

"கொஞ்சம் பொறு தாயி. எல்லாம் ஒம் புள்ளைக்குத்தானே?" என்று சொல்லிவிட்டுக் குடித்தார் நல்லுசாமி.

பத்தாம் மாதம் ஒரு காலையில் வலி கண்டது. வெயில் ஏறும் நேரத்தில் உள்ளேயிருந்து வீராயி கத்தினாள்: "பொண்ணு மயங்குது! சூடா பால் கொண்டாங்க!"

அடுப்படியில் இரண்டு டம்ளர்கள் கவிழ்ந்திருந்தன. அன்றைய சோதனை அதிகாலையிலேயே சிறப்பாக நடந்து முடிந்திருந்தது.

நல்லுசாமி சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மேல்துண்டு விழுந்தது, எடுக்கவில்லை. முதல் வீட்டில் பால் தயிராகியிருந்தது. அடுத்த வீட்டு மாடு செனை, பால் வற்றியிருந்தது. தெருத் தெருவாகப் போய், கடைசியில் அவர் காட்டில் களையெடுக்கும் வேம்புவின் குடிசை வாசலில் மூச்சிரைக்க நின்றார். வேம்பு சொம்பைப் பார்த்ததுமே தன் வெள்ளாட்டை இழுத்துவந்து கறந்து கொடுத்தாள். ததும்பிய சொம்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு திரும்பினார்.

ஜானகி அதைக் குடித்தாள். குடித்துக் கண் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு மெல்லிய அழுகுரல், பூனைக்குட்டி கத்துவதைப்போல.

நல்லுசாமி கதவில் தலை சாய்த்து விக்கி விக்கி அழுதார். வீராயி துணியில் சுற்றிய சிசுவைக் கொண்டுவந்தாள். பெண். எடை ஒன்றரை வீசை இருந்தால் அதிகம். கரிசல் மண்ணைக் குழைத்துச் செய்த நிறம்.

"தாயும் புள்ளையும் பொழைச்சிருச்சுங்க" என்றாள்.

நல்லுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலு மாதப் பழக்கம் அவரை மீறி வாயில் வந்தது.

"கலரு... போகப் போக மாறுமா வீராயி?"

வீராயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். மினுமினுத்த கன்னத்தையும், வேட்டிக்கு மேலே பிதுங்கி நின்ற தொப்பையையும் நிதானமாகப் பார்த்தாள்.

"பால் முச்சூடும் நீங்க குடிச்சீங்க, ஐயா. புள்ளையையும் நீங்களே பெத்திருந்தா, அது செவப்பாவும் பொறந்திருக்கும், மூணு வீசைக்கும் பொறந்திருக்கும்."