பெயர்ப் பலகை இல்லாத கடை

"எங்க வேணும்னாலும் சரி" என்றாள் ரோஹாயு, கண்ணாடி முன்னால் நின்று தலைத்துண்டில் ஊசி குத்திக்கொண்டே.

கையில் எடுத்த கார் சாவியை அஸ்மிர் திரும்பவும் மேசையில் வைத்தான். மனைவி "எங்க வேணும்னாலும்" என்று சொன்னால், அவள் மனதில் ஒரே ஒரு கடைதான் இருக்கிறது, அது எது என்று அவள் கடைசிவரை சொல்லமாட்டாள் என்பது அவனுக்கு அனுபவப் பாடம்.

"மீன் சாப்பிடலாமா?"

"போன வாரம்தானே சாப்பிட்டோம்."

"அப்ப ஆட்டிறைச்சி?"

"எனக்கு ஒத்துக்காதுன்னு தெரியாதா?"

"தாய்லாந்துச் சாப்பாடு?"

"அதான் எங்க வேணும்னாலும்னு சொல்லிட்டேனே அபாங். ஏன் சும்மா நொய்நொய்ங்கிறீங்க?" கணவனை 'அபாங்' என்று அழைக்கும் அவள் குரலில் பொறுமை தீர்ந்திருந்தது.

அன்று அவர்களுடைய பத்தாவது கல்யாண நாள். போன வருடம் இதே நாளில் அஸ்மிர் அவளை, தான் மேனேஜராக இருக்கும் டயர் கடைக்குப் பக்கத்து ரொட்டிச்சானாய் கடைக்குக் கூட்டிப் போனான். ரொட்டி பிரமாதமாக இருந்தது. அதற்கப்புறம் ரொம்ப நாள் வீட்டுச் சாப்பாடுதான் நன்றாக இல்லை.

அதனால் இந்த வருடம் அவன் முன்னெச்சரிக்கையாக இருந்தான். தங்கள் ஊரான தெமெர்லோவில் புதிதாக வந்திருந்த ஓட்டலின் மொட்டைமாடி உணவகத்தில், ரகசியமாகப் போனிலேயே மேசை பிடித்துவிட்டான். பிள்ளைகளை மைத்துனி வீட்டில் தள்ளியாகிவிட்டது. முதலாளியிடம் வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பி வந்து, காரையும் கழுவியிருந்தான். "எங்க போகலாம்?" என்று அவளிடம் கேட்டதெல்லாம் சும்மா ஒப்புக்குத்தான்.

மக்ரிப் தொழுகை முடிந்ததும் புறப்பட்டார்கள். ஓட்டல் மாடிக்கு லிஃப்டில் ஏறும்போதே ரோஹாயுவின் முகம் மலர்ந்துவிட்டது. "இங்கயா? அட, நான் நினைச்ச இடமே!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் நின்ற பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

"சார், உங்க மேசை தயாரா இருக்கு."

"நல்லது."

"ஆனா குவாந்தான்ல இருக்கு. நீங்க எங்க குவாந்தான் கிளையில பதிவு பண்ணியிருக்கீங்க."

"இங்க ஒரு மேசை இல்லையா?"

"எல்லாம் நிரம்பிடுச்சு சார். இப்பவே நெடுஞ்சாலையைப் பிடிச்சீங்கன்னா பத்து மணிக்குள்ள போயிடலாம். அங்க உங்களுக்காக மெழுகுவத்தி கூட ஏத்தி வச்சுட்டாங்களாம்."

லிஃப்ட் இறங்கும்போது ரோஹாயு அவன் கையை விட்டிருந்தாள்.

"குவாந்தான்ல யாரு அபாங்?" என்றாள் நிதானமாக. "யாருக்கு அங்க மெழுகுவத்தி எரியுது?"

"ஐயோ, விரல் தவறிடுச்சு ரோஹாயு. போன்ல எழுத்து எல்லாம் எறும்பு மாதிரி இருக்கு."

"கண்ணாடி போடுங்கன்னு சொன்னா வயசாயிடுச்சான்னு கோபம் வருது."

அவன் அவசரமாக மூளையைக் கசக்கினான். ஆற்றங்கரை ஞாபகம் வந்தது. அங்கே மிதவையில் ஓர் உணவகம், கலர் விளக்குகள், தண்ணீர் மேல் காற்று. காரை அந்தப் பக்கம் விட்டான்.

மிதவையில் கால் வைத்ததுமே பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. யாரோ ஒலிபெருக்கியில் காதல் பாட்டைக் கொலை செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் குரலை அஸ்மிருக்குத் தெரியும். தினமும் காலையில் "ஸ்டாக் எங்கடா?" என்று கேட்கும் குரல்.

"திரும்பு, திரும்பு" என்று மனைவியின் தோளைப் பிடித்தான்.

"அஸ்மிர்!"

பாட்டு நின்றுவிட்டது. டயர் கடை முதலாளி கமாருடின் தன் பிறந்தநாளுக்கு ஆற்றங்கரையையே வாடகைக்கு எடுத்ததுபோல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கடை ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"வயித்துப்போக்குன்னு போனியே?" ஒலிபெருக்கியை அணைக்காமலே கேட்டார். ஆற்றின் எதிர்க்கரைக்கும் கேட்டிருக்கும்.

"கொஞ்சம் தேவலாம் பாஸ். காத்து வாங்கலாம்னு…"

"பாவம்டா. உக்காரு, உக்காரு. தம்பி, இவருக்குக் கஞ்சி கொண்டா! உப்பு மட்டும் போடு. அம்மா, நீங்களும் கஞ்சியே குடிங்க. அவன் முன்னாடி நல்லதாச் சாப்பிட்டா அவனுக்கு ஏக்கமா இருக்கும்."

கல்யாண நாள் விருந்து இரண்டு கிண்ணத்தில் ஆவி பறக்க வந்தது. எதிரே முதலாளியின் மாமியார் ஓர் இறாலைப் பிய்த்துக்கொண்டே, "கொய்யா இலை மென்னு பாத்தீங்களா?" என்று விசாரித்தார். ரோஹாயு கஞ்சியைப் பார்த்தாள், இறாலைப் பார்த்தாள், கடைசியில் கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவன் அந்த ஆற்றிலேயே குதித்துவிடலாமா என்று யோசித்தான்.

"அடுத்த பாட்டு நம்ம அஸ்மிர்!" என்றார் முதலாளி.

அஸ்மிர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "பாஸ், மறுபடியும் வருது" என்றான். எல்லோரும் மரியாதையாக வழிவிட்டார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் பின்னாலிருந்து யாரோ ஓடிவந்தார்கள். கடையில் சக்கரம் மாட்டும் ஹிஷாம்.

"அண்ணே, கதை விடாதீங்க. அண்ணி இவ்ளோ அலங்காரமா வந்திருக்காங்க, உங்களுக்கு வயித்துப்போக்கா? இன்னிக்கு என்ன விசேஷம்?"

"கல்யாண நாள்டா. சாப்பிட இடமில்லாம நாய் மாதிரி அலையுறோம்."

"அட, முன்னமே கேட்டிருந்தா! பாலத்தைத் தாண்டி இடதுபக்கம் திரும்புங்க. ஆத்தோரமா போனா ஒரு மரவீடு. பெயர்ப் பலகை கிடையாது. அதுதான் அந்தக் கடையோட பெருமையே. தெரிஞ்சவங்க மட்டும்தான் போவாங்க. முற்றத்துல விளக்கு எரியும், படிக்கட்டுல செருப்பு கிடக்கும். செருப்பைக் கழட்டிட்டு உள்ள போங்க. நான் இப்பவே போன் போட்டுச் சொல்லிடறேன்."

பாலம் தாண்டியதும் ரோஹாயு, "வீட்ல முட்டை இருக்கு" என்றாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

ஆனால் ஹிஷாம் சொன்னபடியே மரவீடு வந்தது. முற்றத்தில் விளக்கு, படிக்கட்டு முழுக்கச் செருப்பு, உள்ளேயிருந்து தேங்காய்ப்பாலும் மஞ்சள் இலையும் கொதிக்கிற வாசனை. கார் நின்றதுமே, நல்ல பட்டுப்புடவை மாதிரி மினுங்கும் சொங்கெட் கட்டிய அம்மா ஒருத்தர் படியிறங்கி ஓடிவந்தார்.

"வாங்க, வாங்க! வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா? நான்தான் ஹலீஜா. உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டே இருக்கோம்."

"போன் வந்துச்சா மக்சிக்?" என்று அத்தை முறை வைத்துக் கேட்டான் அஸ்மிர்.

"வந்துச்சு, வந்துச்சு. ரெண்டு பேர்தானா?"

"ரெண்டு பேர்தான்."

"போதும், போதும். முதல் தடவை ரெண்டு பேர் வந்தாப் போதும். அப்புறம் எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

அஸ்மிர் ரோஹாயுவின் காதில் கிசுகிசுத்தான்: "பாத்தியா, எவ்ளோ நம்பிக்கை! மறுபடியும் வருவோம்னு முடிவே பண்ணிட்டாங்க."

கூடத்தில் புதுப்பாய் விரித்திருந்தார்கள். உள்ளறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து இவர்களையே பார்த்தார்கள். "நல்ல கடைன்னா எப்பவும் கூட்டம் இருக்கும்" என்றான் அஸ்மிர். ரோஹாயு முதல்முறையாகச் சிரித்தாள்.

"மெனு ஏதாவது இருக்கா மக்சிக்?"

அம்மா இதை நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். "முதல்ல உக்காருங்க. வந்துக்கிட்டே இருக்கும்."

வந்துகொண்டேதான் இருந்தது. தெம்போயாக் என்ற புளித்த டுரியான் விழுது போட்டுக் கொதித்த பாத்தின் மீன், கறுத்துச் சுருண்ட ரெண்டாங் கறி, மிளகாய்ச் சம்பாலோடு பச்சைக் கீரைகள், வாழைப்பூச் சுண்டல். கொண்டுவந்து வைத்தது இருபத்தைந்து வயதுப் பெண். புது உடை, குனிந்த தலை. தட்டை வைத்துவிட்டு ஓரக்கண்ணால் ரோஹாயுவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஹலீஜாவின் கணவர் ஹம்டான், இவர்களுக்கு எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"முதலாளியே பக்கத்துல உக்காந்து கவனிக்கிறாரு. குவாந்தான்ல இது நடக்குமா?" என்று கிசுகிசுத்தான் அஸ்மிர்.

ரோஹாயு ஒரு வாய் மீனைச் சாப்பிட்டுக் கண்ணை மூடினாள். "அபாங்… கஞ்சியை மன்னிச்சுட்டேன்."

"இது எல்லாம் இவ கையாலதான்" என்றார் ஹலீஜா, பெண்ணின் தோளைத் தொட்டு. "சஃபியா. நான் பக்கத்துலயே போகல."

"இந்த வயசுல இவ்ளோ கைப்பக்குவமா?" அஸ்மிர் நிஜமாகவே உருகிப்போய் ஹம்டானிடம் மாமா முறை கொண்டாடினான். "பக்சிக், வெளிய தெரியாம வச்சிருக்கீங்களே! யாராவது வந்து கொத்திக்கிட்டுப் போயிடப் போறாங்க."

"ரெண்டு மூணு பேர் கேட்டாங்க" என்றார் ஹம்டான் பெருமையும் கூச்சமுமாக. "நாங்கதான் அவசரப்படல. நீங்க? வேற எங்கயாவது பாத்தீங்களா?"

"பாக்காம என்ன? இன்னிக்கே ரெண்டு இடம் பாத்துட்டோம்."

ஹம்டானின் புருவம் நெற்றிக்கு ஏறியது. "இன்னிக்கேவா?"

"முதல் இடம் ரொம்ப உசரம். வெறும் பகட்டு, வாசல்லயே நிக்க வச்சுப் பேசினாங்க. ரெண்டாவது இடத்துல ஒரே கூச்சல். வயித்துக்கு முடியலன்னு சொல்லிப் பாதியிலயே எழுந்து வந்துட்டோம்."

"இங்க வந்தப்புறம்தான் மனசு நிம்மதியாச்சு" என்றாள் ரோஹாயு.

ஹலீஜா கணவனைப் பார்த்தார். கணவன் கூரையைப் பார்த்து இறைவனுக்கு நன்றி சொன்னார்.

"குறை ஏதாவது தெரிஞ்சா இப்பவே சொல்லிடுங்க" என்றார் ஹம்டான். "பின்னாடி பேச்சு வரக்கூடாது."

ரோஹாயு கொஞ்சம் யோசித்தாள். "கொஞ்சம் காரம் தூக்கல். மத்தபடி கண்ணை மூடிக்கிட்டு ஒத்துக்கலாம்."

"காரம் அவங்கம்மா வழி" என்றார் ஹம்டான். உள்ளறையில் எல்லோரும் சிரித்தார்கள். சஃபியா முகம் சிவந்து சமையலறைக்குள் ஓடினாள்.

அஸ்மிர் ரெண்டாங்கை இரண்டாம் முறை போட்டுக்கொண்டான். இப்படியொரு கடையைக் கண்டுபிடித்த பெருமை தலைக்கு ஏறியிருந்தது. இதை இன்றைக்கே பிடித்துவைக்காவிட்டால் நாளைக்கு ஊரே இங்கு வந்து நிற்கும்.

"பக்சிக், ஒரே முடிவாச் சொல்லிடறேன். அடுத்த மாசம் பள்ளிக்கூட லீவு. அப்ப எங்க சொந்தக்காரங்க ஒரு நாப்பது பேரைக் கூட்டிட்டு வர்றேன். முடியுமா?"

"அடுத்த மாசமேவா?" ஹலீஜா விரல்விட்டு நாட்களை எண்ணினார்.

"தள்ளிப் போட்டா வேற யாராவது முந்திக்குவாங்க இல்ல?"

"முற்றத்துல பந்தல் போட்டுடலாம்" என்றார் ஹம்டான் உடனே. "தட்டு மட்டும் பேசிக்குவோம். உங்க கணக்குல எத்தனை தட்டு? ஏழா, ஒன்பதா?"

நாற்பது பேருக்கு ஏழு தட்டா என்று அஸ்மிர் திகைத்தான். பெரிய தாம்பாளமாக இருக்கும், நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடும் ரகம் என்று தானே தேற்றிக்கொண்டான். "பதினொண்ணு வச்சுக்கங்க. குறைஞ்சா நல்லா இருக்காது."

உள்ளறையில் "பதினொண்ணா!" என்று ஒரு வியப்பு எழுந்து அடங்கியது.

ஹம்டான் நெஞ்சை நிமிர்த்தினார். "அப்ப நாங்க பதிமூணு வைக்கிறோம்."

"பாத்தியா?" அஸ்மிர் மனைவியின் முழங்கையை இடித்தான். "கேக்காமலே ரெண்டு தட்டு இலவசம்!"

"இந்த மாதிரி மனுசங்க இப்ப எங்க இருக்காங்க" என்று ரோஹாயு கண் கலங்கினாள். அவன் தோளில் லேசாகச் சாய்ந்தாள். "உண்மையைச் சொல்லவா அபாங்? நான் நினைச்ச இடம் அந்த ஓட்டல் மாடிதான். ஆனா இது அதைவிட ஆயிரம் மடங்கு மேல."

இதைவிட நல்ல தருணம் அவனுக்கு ஆயுசுக்கும் வாய்க்காது. அஸ்மிர் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு சின்ன வெல்வெட் பெட்டியை எடுத்தான். அவளுக்குத் தெரியாமல் வாங்கிய மோதிரம். சாப்பாட்டுத் தட்டுகளை மெல்ல ஒதுக்கிவிட்டு, பாயின் நடுவில் வைத்துத் திறந்தான். விளக்கு வெளிச்சத்தில் கல் பளிச்சென்று மின்னியது.

ஹலீஜா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சமையலறை வாசலில் யாரோ சஃபியாவை முன்னால் தள்ளிவிட்டார்கள். எல்லோரும் நம் கல்யாண நாளுக்கு இப்படி நெகிழ்கிறார்களே என்று அஸ்மிர் பெருமையோடு சுற்றிலும் பார்த்தான்.

ரோஹாயு கண்ணீரோடு கையை நீட்டினாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கையும் நீண்டது. மண்டியிட்டு உட்கார்ந்து, தலை குனிந்து, சஃபியா தன் இடது கை விரல்களை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அஸ்மிர் பெட்டியும் கையுமாக அப்படியே இருந்தான். ரோஹாயு அந்தக் கையைப் பார்த்தாள், அப்புறம் கணவனைப் பார்த்தாள். குவாந்தான் மெழுகுவத்தி மறுபடியும் அவள் கண்ணில் எரிய ஆரம்பித்தது.

உள்ளறையில், அதுவரை மீன் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"அட, என்ன யோசனை? சீர்த் தட்டும் பேசியாச்சு, பொண்ணும் கையை நீட்டிட்டா, உங்க வீட்டம்மாவைப் போட்டுவிடச் சொல்லுங்க. அப்படியே, மாப்பிள்ளைப் பையனுக்கு நீங்க பெரியப்பாவா, தாய்மாமாவா? வந்ததுலேருந்து அதைச் சொல்லவே இல்லையே!"