ஆரஞ்சு நிறமும் ஐந்து சுருள் டேப்பும்

ஒஹாயோ,
28 பிப்ரவரி 2003

குவைத் மணலில் கூடாரம் போட்டிருக்கும் அன்பு மகன் வெண்டலுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம். எங்களுக்குத் துளியும் பயமில்லை. இராக்கோடு சண்டை எப்போது ஆரம்பிக்குமோ என்று நீயும் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாமல் வேளைக்குச் சாப்பிடு.

விஷயம் என்னவென்றால், இந்த மாதத் தொடக்கத்தில் அரசாங்கம் தீவிரவாதத் தாக்குதலுக்கான அபாய நிறத்தை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு ஏற்றிவிட்டது. அதற்கு மேல் சிவப்பு ஒன்றுதான் பாக்கி. மூன்று நாளைக்குத் தண்ணீர், டப்பா உணவு, விஷவாயு வந்தால் ஓர் அறையை அடைக்க பிளாஸ்டிக் தாள், டேப் எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று டிவியில் சொன்னார்கள். வைத்திருக்கத்தான் சொன்னார்கள், ஒட்டச் சொல்லவில்லை என்று உன் அம்மா இன்றுவரை குத்திக்காட்டுகிறாள். கடைக்கு ஓடினால் அங்கே ஊரே நிற்கிறது. முட்டி மோதி ஐந்து சுருள் வாங்கிவந்து, ஓர் அறையோடு நிற்காமல், ஏணி போட்டு ஏறி வீடு முழுக்கச் சன்னல், கதவிடுக்கு, சுவரில் கண்ட ஓட்டை என்று ஒன்றுவிடாமல் ஒட்டிவிட்டு, உள்ளே வந்து வாசல் கதவையும் ஒட்டி, அப்பாடா என்று பீன்ஸ் டப்பாவை எடுத்தால், அதைத் திறக்கிற சாமான் காரில் கிடக்கிறது. "ஏங்க, நாய் எங்க?" என்றாள் அம்மா. நாயும் வெளியே. அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் மாட்டியிருக்கும் விஷவாயு மணி அலறியது. "வந்துட்டானுங்கடி இர்மா!" என்று கத்தி அவளை மேசைக்கடியில் தள்ளிவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். அவர்கள் கதவை உடைத்து எங்களை இழுத்துவந்து பனியில் உட்காரவைத்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த அதிகாரி தலையில் கைவைத்தார்.

"பெரியவரே, ஊர்ல எங்கயும் விஷவாயு இல்ல, உங்க வீட்ல மட்டுந்தான் இருக்கு. ஹீட்டர் புகை வெளிய போற ஓட்டையையும் சேத்து ஒட்டிட்டீங்களே!"

"தீவிரவாதி எதுக்குங்க தனியா? என்னைக் கொல்ல இவரு ஒருத்தர் பத்தாது?" என்றாள் அம்மா.

நேற்று நிறம் மஞ்சளுக்கு இறங்கியது. எல்லா டேப்பையும் உரித்துவிட்டேன். எங்கள் நிறத்தைத் தினம் சொல்கிறார்கள், நீ இருக்கும் இடம் என்ன நிறம் என்று கேட்டால்தான் ஒருவரும் வாய் திறப்பதில்லை. விஷவாயு முகமூடியை இடுப்பைவிட்டு இறக்காதே. கர்த்தர் உனக்கு முன்னும் பின்னும் நடக்கட்டும்.

உன் அப்பா,
லெஸ்டர்

பின்குறிப்பு: பயமில்லை என்று எழுதியது பொய். எல்லா டேப்பையும் உரித்ததும் பொய். உன் அறைச் சன்னலில் கை வைக்க அம்மா விடவில்லை. "அதை அவனே வந்து உரிக்கட்டும்" என்கிறாள். வந்து உரித்துவிடு.