போனை எடுக்காத மாப்பிள்ளை

சுபின் போனை எடுத்ததுதான் தப்பாகிப் போனது.

"எதுக்கு எடுத்திய?" என்றாள் மறுமுனையில் ரெஜிலா.

"நீதானே கூப்பிட்ட?"

"கூப்பிட்டா உடனே எடுத்திரணுமா? பாட்டு நின்னு போச்சில்லா! இனிம நான் இந்த நேரத்துல கூப்பிட்டா எடுக்காண்டாம், கேட்டியளா?"

வைத்துவிட்டாள்.

தக்கலையில் கிருஷ்ணமணி முதலாளியின் டைல்ஸ் கடை நடுவில், ஒரு கையில் குளியலறை டைல்ஸ் மாதிரியும் மறு கையில் போனுமாக சுபின் நின்றான். நிச்சயதார்த்தம் முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவள் தானாகக் கூப்பிடுகிறாள், எடுத்தால் ஏசுகிறாள். இதற்கு என்ன பொருள் என்று எந்த வேதபாட வகுப்பிலும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை.

பில் போடும் அனிஷ் சொல்லித் தந்தான்.

"மக்கா, உனக்கு வெவரம் பத்தாது. அவ உன் காலர் டியூனைக் கேக்கதுக்கு விளிக்கா. நீ எடுத்து ஹலோண்ணு சொன்னா அவளுக்குப் பாட்டு போச்சில்லா."

அந்தக் காலர் டியூனை வைத்துக் கொடுத்தவனே அனிஷ்தான். பழைய ஆங்கிலப் பாட்டு. கப்பலேறிப் போன காதலியைத் துறைமுகத்தில் நின்று 'திரும்பி வா, திரும்பி வா' என்று ஒருவன் கூப்பிடுகிற பாட்டு. அனிஷின் அப்பா கத்தாரிலிருந்து கொண்டுவந்த கேசட்டுகளில் அந்த ஒரே பாட்டு ஏழெட்டுப் பேர் குரலில் இருந்தது. அதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன் என்பதால், அந்தப் பாட்டு விஷயத்தில் அனிஷ் சொல்வதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"ஆதியில பாடுன ஆளு பாடுனதுதான் பாட்டு. மத்ததெல்லாம் ஜெராக்ஸ்" என்பான்.

காலர் டியூனில் ஒரு விசேஷம் உண்டு. அதை வைத்திருக்கிறவனைத் தவிர ஊரே அதைக் கேட்கும். சுபினும் தன் பாட்டைக் கேட்டதில்லை. அன்று மத்தியானம் அனிஷின் போனிலிருந்து தன் நம்பருக்கு அடித்துக் கேட்டான். கட்டைக்குரல். அவசரமே இல்லாமல், கடலோடு பேசுகிறவனைப்போல அந்த ஆள் பாடினார். ஒவ்வொரு 'திரும்பி வா'வுக்கும் முன்னால் ஒரு மூச்சு எடுத்தார். சுபினுக்கு மயிர் கூச்செறிந்தது. இதைக் கேட்கத்தான் ஒரு பெண் நேரம் தவறாமல் கூப்பிடுகிறாள்!

அன்றிலிருந்து அவன் எடுக்கவில்லை.

காலையில் கடை திறக்கும்போது நாலைந்து தடவை அடிக்கும். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் விடாமல் அடிக்கும். பொழுது சாய்ந்ததும் மறுபடியும். போன் மேசைமேல் துடித்துத் துடித்து விளிம்புவரை நகரும். சுபின் அதைத் தொடாமல் கண்ணை மூடிப் புன்னகை செய்துகொண்டிருப்பான். இந்தத் தவத்தில் கொத்தனார் ஒருவரின் அழைப்பும் சேர்ந்து போய், ஒரு வீட்டுக்குப் போகவேண்டிய டைல்ஸ் போகாமல் கிடந்தது.

"ஏலே, அது அடிக்கில்லா? எடு!" என்றார் கிருஷ்ணமணி.

"எடுக்கப்பிடாது முதலாளி."

"ஏன், கறண்டு அடிக்குமா?"

ஒருநாள் சாயங்காலம் ரெஜிலாவை அவனாகவே கூப்பிட்டு, கூச்சத்தை விட்டுக் கேட்டான். "பாட்டு எப்படி இருக்கு?"

"பாட்டு கொள்ளாம். ஆனா அந்த ஆளு முடியும்போது கட்டத்தொண்டையில ஒரு இழுப்பு இழுக்காரு பாத்தியளா, அதைக் கேட்டா பயம். பெறவு சோறே எறங்கல்ல."

சுபினின் நெஞ்சில் ஏதோ இளகியது. "நான் வேணும்னா பாட்டை வாட்சப்புல அனுப்பித் தரட்டா?"

"அது ஆகாது. அனுப்புனதைப் போட்டா கண்ணு போன்லதான் நிக்கும். டயல் பண்ணி காதுல வச்சாத்தான் அடங்குது."

எது அடங்குகிறது என்று அவன் கேட்கவில்லை. அடங்காமல் துடிப்பது மனசுதான் என்பது அவனுக்குத் தெரியாதா?

அனிஷிடம் சொன்னான். அனிஷ் கால்குலேட்டரை ஒதுக்கி வைத்துவிட்டு யோசித்தான். "சோறு எறங்கல்லண்ணா காரியம் முத்திப் போச்சு மக்கா. ஆம்பளக் குரலுதான் அவளுக்குப் பயம். அந்தப் பாட்டை ஒரு அம்மா பாடியிருக்கா. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அழுகை. அதை வை."

வைத்தார்கள். அந்த அம்மாள் உண்மையிலேயே அழுதாள். முதல் ஆள் கடலைப் பார்த்துப் பாடினார் என்றால், இவள் கடலிலேயே இறங்கிவிட்டாள். 'திரும்பி வா' என்பதை அவள் சொல்லி முடிப்பதற்குள் போன கப்பல் திரும்பி வந்து சாமானும் இறக்கிவிடலாம்.

மறுநாள் ரெஜிலா சொன்னாள்: "இது அருமையாட்டு இருக்கு! கேட்டதும் கண்ணு சொக்கிருது. ஆனா ஒரு குறை. மத்தியானம் கேட்டா வாயில வச்ச சோறு வாயிலேயே நிக்கி. ராத்திரிக்கு மட்டும் இதைப் போடுங்க."

"மத்தியானத்துக்கு?"

"கொஞ்சம் குஷியா உள்ளதா ஒண்ணு."

குஷிக்கு அனிஷ் சாக்ஸபோன் கொண்டுவந்தான். சொல்லே கிடையாது; வெறும் ஊதல். காதலி போனதில் ஊதுகிறவனுக்குப் பெரிய வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. அடுத்த கப்பலில் வேறு யாராவது வருவார்கள் என்கிற தெம்பு அதில் இருந்தது. மத்தியானத்துக்கு ரெஜிலா அதை ஏற்றுக்கொண்டாள். "இப்ப மடமடாண்ணு எறங்குது" என்றாள்.

ஆகவே சுபினுக்கு ஒரு புது உத்தியோகம் அமைந்தது. காலையில் கட்டைக்குரல், முடிகிற இழுப்பை மட்டும் வெட்டி எறிந்தது. பன்னிரண்டரைக்குச் சாக்ஸபோன். இருட்டினால் அழுகிற அம்மாள். வாடிக்கையாளரை ஏணிமேல் நிறுத்திவிட்டு அவன் போனை நோண்டுவதைக் கிருஷ்ணமணி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கோயில்ல வேளைக்கு ஒரு அலங்காரம் மாத்துவாவ. நீ போனுக்குல்லா மாத்துக!"

சுபினுக்கும் காது கூர்மையாகிவிட்டது. இப்போது அவனால் மூச்சு எடுக்கிற சத்தத்தை வைத்தே பாடுகிறது யார் என்று சொல்லமுடியும். ஒரே வரியை ஒருவர் கேள்வியாகப் பாடுகிறார், ஒருத்தி மன்றாட்டாகப் பாடுகிறாள். கல்யாணம் கழிந்து ரெஜிலாவோடு சொத்தவிளைக் கடற்கரையில் உட்கார்ந்து இதையெல்லாம் பேசவேண்டும் என்று அவன் எண்ணியிருந்தான்.

ஒரு சனிக்கிழமை கடையில் கூட்டம். அவசரத்தில் விரல் பிசகி, சாக்ஸபோனுக்குப் பதில் அடுத்த வரியில் இருந்த பாட்டு அமர்ந்துவிட்டது. அதுவும் அதே பாட்டுதான். ஆனால் பாடியவர்கள் நாலு இளைஞர்கள். கிட்டாரைப் போட்டு உடைத்து, டிரம்மைக் கிழித்து, போன காதலி பயந்து இன்னொரு கண்டத்துக்குப் போய்விடும்படி அலறியிருந்தார்கள்.

மத்தியானம் முடிந்து ரெஜிலா கூப்பிட்டாள். இது எடுக்கவேண்டிய அழைப்பு என்பது அவனுக்கு எப்படியோ தெரிந்தது.

"என்னத்தைப் போட்டு வச்சியோ! வாந்தி! ஒரே வாந்தி! தின்னது பூரா வெளிய வந்தாச்சு!"

"ஐயோ! ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"வேண்டாம், ஜீரகத் தண்ணி குடுத்தாச்சு. அந்தச் சனியனை முதல்ல மாத்துங்க."

சுபின் முகம் வெளுத்து வந்து அனிஷிடம் சொன்னான். அனிஷ் பில் புத்தகத்தை மூடி வைத்தான்.

"வாந்தியா?" என்றான் மெதுவாக.

"ஆமா."

"சோறும் எறங்கல்ல?"

"ஆமா."

"கண்ணும் சொக்குது." அனிஷ் பெருமூச்சு விட்டான். "மக்கா, கல்யாணத்தைக் கொஞ்சம் முன்னால வைக்கச் சொல்லுவமா?"

"எலே! நான் இன்னும் அவ கையக்கூடப் பிடிக்கல்லடே!"

அந்தப் பதற்றத்தில் எது ஆபத்தில்லாதது என்று தேடி, அழுகிற அம்மாளையே வைத்தான் சுபின். இனி வேளைக்கு வேளை மாற்றம் கிடையாது, எப்போதும் அம்மாள்தான். அத்தோடு தொல்லை தீர்ந்தது என்று நினைத்தான்.

தொல்லை நாகர்கோவிலில் வெற்றிலைப் பெட்டி அளவு பழைய பட்டன் போனோடு உட்கார்ந்திருந்தது. ரெஜிலாவின் அப்பா ஜெபதாஸ், சபைக் கமிட்டியில் முப்பது வருஷமாக இருப்பவர். அவர் பேச வேண்டியதெல்லாம் சுபினின் அப்பாவிடம்தான் பேசுவார். அன்றைக்குக் கோட்டுத் தைக்க அளவு கொடுப்பது பற்றிக் கேட்க, முதல்முறையாக மாப்பிள்ளைக்கே அடித்தார். சுபின் புது நம்பரைப் பார்த்தான். எடுக்காமல் இருந்தே பழகிப்போன கை, எடுக்கவில்லை. ஜெபதாஸ் முழுப் பாட்டையும் கேட்டார். மறுபடி அடித்து மறுபடியும் கேட்டார்.

பிறகு சுபினின் அப்பா வழியாகத் தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை கழிந்ததும் மாப்பிள்ளை தனியாக வரவேண்டும்.

சுபின் நேந்திரம் சிப்ஸ் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு நாகர்கோவில் பஸ் ஏறினான். உச்சி நேரம் நெருங்கவே, பழக்க தோஷத்தில் பஸ்ஸிலேயே சாக்ஸபோனுக்கு மாற்றினான்.

கதவைத் திறந்தது ரெஜிலாவின் அக்கா ஜாஸ்மி. மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் இடுப்பில் இருந்த பிள்ளை சுபினைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. "வாங்க மாப்பிளே" என்றவள் சிப்ஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஜெபதாஸ் சாய்வு நாற்காலியில் இருந்தார். ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை கசங்கவில்லை.

"இரியும்" என்றார். இருந்தான்.

"அவ யாரு?"

"யாரு மாமா?"

"உம்ம போனை எடுத்து அழுதாளே, அவ. நான் அஞ்சாறு தடவ கேட்டேன், 'யாரு மோளே, எதுக்கு அழுக'ண்ணு. திரும்பி வா, திரும்பி வாண்ணு இங்கிலீஷுல கெஞ்சினா. எனக்கும் இங்கிலீஷு தெரியும்வே. நீரு கைவிட்ட பொண்ணா?"

"ஐயோ மாமா, அது காலர் டியூன்! பாட்டு! இப்பவே அடிச்சுப் பாருங்க."

ஜெபதாஸ் தன் போனை எடுத்து, ஒவ்வொரு எண்ணாக அழுத்தி, காதில் வைத்தார். முகம் இன்னும் இறுகியது.

"இப்ப அவ இல்ல. எவனோ கொழல் ஊதுகான். அவளை எங்க ஒளிச்சு வச்சீரு?"

இனி மறைத்துப் பயனில்லை என்று சுபினுக்குத் தோன்றியது. எழுந்து நின்றான். பாட்டின் கதையை ஆதியிலிருந்து சொன்னான். கட்டைக்குரல்காரர் எங்கே மூச்சு எடுப்பார் என்று எடுத்துக் காட்டினான். அந்த அம்மாள் எந்த இடத்தில் உடைவாள் என்று உடைந்து காட்டினான். நாலு இளைஞர்கள் போட்ட அலறலையும் ஒரு சின்ன அளவில் போட்டான். ஜன்னலில் இருந்த காக்கை பறந்தது. ஜெபதாஸ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதெல்லாம் எனக்காகவா மாமா? உங்க மோளுக்காக! பாட்டு சரியில்லைண்ணா அவளுக்குச் சோறு எறங்கல்ல. கண்ணு சொக்குது. வாந்தி கூட எடுத்தா. தினமும் மூணு வேளையும் என்னை விளிச்சுக் காதுல வச்சாத்தான் அவ மனசு அடங்குது!"

"யாருக்கு? ரெஜிலாவுக்கா?" ஜெபதாஸ் திகைத்தார். "காலம்பற அவ ஆறு ஆப்பம் தின்னதை நான் இந்தக் கண்ணால பாத்தேனே!"

"அது வெளிய காட்டிக்காம தின்னுருப்பா மாமா. உள்ளுக்குள்ள எப்படி இருக்குண்ணு நமக்குத் தெரியுமா?"

கிழவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். முப்பது வருஷமாகக் கமிட்டியில் எத்தனையோ சாட்சி கேட்டவர். இப்படி ஒருவன் கண் கலங்கிச் சொல்லி அவர் கேட்டதில்லை. அவர் முகம் கொஞ்சம் இளகியது. அந்த நேரம் பார்த்து சுபினின் கையில் போன் துடித்தது. திரையில் ரெஜிலா பெயர்.

ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு, இத்தனை அருகில் அவன் வந்த பிறகும், உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள்! இதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டுமா? சுபின் போனை மாமனாரின் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினான். ஜெபதாஸ் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "பாவம் பிள்ள... பேசும் மாப்பிளே, பேசும்" என்றார் தழுதழுத்து.

அவன் விரல் பச்சைப் பொத்தானைத் தொடப் போனது.

"ஐயோ மாப்பிளே, எடுத்திராதீங்க!" என்று அடுக்களையிலிருந்து ஜாஸ்மி கத்தினாள். "பாட்டு நின்னா எம்பிள்ள வாயைத் தொறக்காது, இன்னும் நாலு உருளை சோறு பாக்கி கெடக்கு!"